பஞ்சு சிஸ்டர் உட்கார்ந்த நாள்

ரத்தம் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மீதிப் பேர், திருப்பிக்கொள்ளக் கூடாது என்று வீட்டிலேயே சபதம் எடுத்துவிட்டு வந்து, கடைசி நொடியில் திருப்பிக்கொள்வார்கள். இரண்டு வகையாரையும் அந்த ரத்த வங்கி நர்ஸ் ஒரே மாதிரிதான் சமாளிப்பாள். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "காலையில என்ன சாப்ட்டீங்க?" என்று ஆரம்பிப்பாள். ஆள் ஒவ்வொன்றாக யோசித்துச் சொல்லி முடித்துவிட்டு, "எப்ப சிஸ்டர் குத்தப்போறீங்க?" என்று கேட்பார். "பை கால்வாசி நிறைஞ்சாச்சு" என்பாள். ரத்த வங்கியில் அவளுக்குப் பஞ்சு சிஸ்டர் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

கைதான் பஞ்சு, வாய் இல்லை. கொடுத்து முடித்த கையோடு எழுந்து ஓடப் பார்க்கிறவர்களை அவள் போடுகிற போட்டில், வாசலில் முறைக்குக் காத்திருப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். பத்து நிமிடம் படுத்திரு என்றால் படுத்திருக்க வேண்டும். வந்தவர் நீதிபதியாகவே இருந்தாலும் அவளுடைய கட்டிலில் அவர் படுத்திருக்கிறவர்தான்.

இப்படி ஊரையே படுக்க வைத்த அவளுக்கு, எழுந்து நிற்கிற விஷயத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. தேசிய கீதம் எங்கே கேட்டாலும் நிற்பாள். தொலைக்காட்சியில் விளையாட்டுப் போட்டி தொடங்கும்போது அடுப்படியில் கரண்டியும் கையுமாக நிற்பாள். வீட்டுக்குப் பின்னால் பள்ளிக்கூடம். காலையில் அங்கே பாட்டு தொடங்கினால், தலையில் பாதிப் பின்னலோடு அப்படியே நின்றுவிடுவாள். பால் பொங்கி வழிந்திருக்கிறது, பேருந்து போயிருக்கிறது. அதைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது.

கட்டிக்கொண்டவர் பேருந்து ஓட்டுநர். அவர் நிற்க மாட்டார்.

"நாள் பூரா உக்காந்துதானே வண்டி ஓட்டறீங்க. ஒரு நிமிஷம் நின்னா இடுப்புக்காவது நல்லதில்லையா?"

"நிக்கச் சொன்னா நிக்க மாட்டேன். யாரும் சொல்லாம இருந்தா ஒருவேளை நிப்பேன்."

"சரி, நான் சொல்லல."

"நீ இப்ப சொல்லாம இருக்கறதே சொல்ற மாதிரிதான் இருக்கு."

சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்துகிறேன், ஒழுங்காக வரி கட்டுகிறேன், நாட்டுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும் என்பது அவருடைய கட்சி. அவளுடைய காரணம் வாதத்துக்கு எடுபடாத காரணம். சின்ன வயதில் அவளுடைய செருப்பு பிய்ந்த செருப்பு. வகுப்பில், வராந்தாவில், விளையாட்டுத் திடலில் எல்லாம் அவள் காலை மறைத்துக்கொண்டே திரிந்தாள். காலையில் பாட்டுக்கு நிற்கும்போது மட்டும் மொத்தப் பள்ளிக்கூடமும் நேரே பார்த்துக்கொண்டு நிற்கும், யாரும் யாருடைய காலையும் பார்க்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அவள் எல்லோரையும் போல ஒருத்தி. இதைக் கணவரிடம் சொன்னதில்லை. சொன்னால் கிண்டல் செய்ய மாட்டார், ஆனால் பரிதாபப்படுவார், அது அவளுக்குப் பிடிக்காது.

அந்த ஊர் வணிகர் சங்கம் தேசிய தினத்தன்று தன் மண்டபத்தில் ரத்ததான முகாம் நடத்தும். ரத்த வங்கியின் வண்டியும் குளிர்பெட்டியும் சங்கம் வாங்கிக் கொடுத்தவை. ஆகவே அங்கே சங்கத் தலைவர் சொல்லுக்கு எடை உண்டு. இரும்புக்கடை வைத்திருந்தார். குரல் உயராத மனிதர்.

ஒரு வருடம் முகாமில், ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் முதல் தடவையாக ரத்தம் கொடுக்க வந்தார். நல்ல ஆகிருதி. அவருடைய பாதங்கள் கட்டிலைத் தாண்டி வெளியே தொங்கின. பஞ்சு சிஸ்டர் வழக்கம்போலப் பேச்சுக் கொடுத்து ஊசியை ஏற்றி, குழாயைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, பை பாதி நிறைகிறவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்து சேர்ந்தார். அவர் தலை வாசலில் தெரிந்ததும் ஒலிபெருக்கிக்காரர் கீதத்தைப் போட்டுவிட்டார்.

அவள் எழுந்துவிட்டாள். யோசித்து எழவில்லை, தும்மல் வந்தால் தும்முவது போல எழுந்தாள். பிடித்திருந்த கை நழுவியது. கொடியைப் பார்த்து நேராக நின்றாள். பின்னால் படுத்திருந்த ரொட்டிக்காரர், நர்ஸே நிற்கும்போது நாம் படுத்துக் கிடப்பதா என்று நினைத்திருக்க வேண்டும். கையில் ஊசியும் அதில் குழாயும் தொங்க அவரும் எழுந்து நின்றார். இரண்டு வரி நின்றார். பிறகு குழாய் அறுந்துகொண்டு வருகிற சத்தம் கேட்டது, அப்புறம் தடால் என்று ஒரு சத்தம்.

பஞ்சு சிஸ்டர் உடனே திரும்பவில்லை. சத்தம் கேட்கத்தான் செய்தது. பாட்டு முடியவில்லையே என்று உடம்பு நின்றது. ஒரு வரிதான். அந்த ஒரு வரி முடிகிற வரைக்கும், ஒரு மனிதன் தரையில் ரத்தம் ஒழுகக் கிடக்க, அவள் விறைத்து நின்றாள். அதற்குப் பிறகுதான் பாய்ந்து போய்ப் பிடித்தாள்.

கட்டில் விளிம்பில் மோதிப் புருவம் கிழிந்திருந்தது. தையல் போட்டார்கள். கண் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாட்டு முடிஞ்சுதா சிஸ்டர்?"

திட்டு விழும் என்று அவள் எதிர்பார்த்தாள். வேலையே போனாலும் நியாயம்தான் என்று நினைத்தாள். ஆனால் விழுந்தது கைதட்டல். அந்த ஒரு வரி நேரத்தில் யாரோ படம் எடுத்திருந்தார்கள். முன்னால் அவள் சிலையாட்டம் நிற்கிறாள், பின்னால் ரொட்டிக்காரர் விழுந்து கிடக்கிறார். பத்திரிகையில் வந்தது. சங்கம் இருவரையும் மேடையேற்றி ஆளுக்கொரு கேடயம் கொடுத்தது. படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ரத்த வங்கி நடைவழியில் மாட்டினார்கள். ரொட்டிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. புருவத் தழும்பைப் பதக்கம் போலக் காட்டிக்கொண்டு திரிந்தார். வாரம் ஒரு தடவை சூடான ரொட்டியோடு ரத்த வங்கிக்கு வந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போவார்.

அவள் மட்டும் அந்த நடைவழியில் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே நடக்கப் பழகிக்கொண்டாள்.

பத்திரிகையைக் கணவரும் பார்த்தார். கேலி வரும் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தாள். அவர் வெகு நேரம் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அவர் விழுந்த சத்தம் உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுது."

அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். கேலி செய்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறு வருட முகாம் நெருங்கியபோது ரத்த வங்கியில் இன்னொரு பேச்சும் ஓடியது. பொறுப்பு நர்ஸ் ஓய்வு பெறப்போகிறார், அந்த இடத்துக்குப் பஞ்சு சிஸ்டர்தான் என்று. அவள் வெகு காலமாக ஆசைப்பட்ட இடம் அது. தனி அறை, இரவு வேலை கிடையாது. அதையெல்லாம்விட, யாரை எந்தக் கட்டிலில் போடுவது என்று இன்னொருவர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. முடிவு செய்கிற குழுவில் சங்கத் தலைவரும் ஒருவர்.

அவள் அவருடைய இரும்புக்கடைக்கே போனாள். ஆணி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"இந்த வருஷம் பாட்டை முதல்லயே போட்டுடலாங்க. எல்லாரும் நல்லபடியா நின்னு முடிச்சதும் ஊசி போட ஆரம்பிக்கறேன்."

"விருந்தினர் வர்றதுக்கு முன்னாடியே எப்படிம்மா போடறது? அவர் வர்ற நேரம் நம்ம கையிலயா இருக்கு? அதுவரைக்கும் ரத்தம் கொடுக்க வந்தவங்களைக் காக்க வெச்சா பாதிப் பேர் கிளம்பிடுவாங்க."

"அப்படின்னா, கையில ஊசி இருக்கறவங்க யாரும் எழுந்திருக்கக் கூடாதுன்னு மைக்ல சொல்லிடுங்க."

தலைவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "நான் யாரையும் எழுந்திருங்கன்னு சொல்றதில்லையே. ஆசைப்பட்டு நிக்கறவங்களை உக்காருன்னு சொல்ல நாம யாரு? எங்க அப்பா காலத்துல இந்தப் பாட்டைப் பாடினா அடி விழும். அடி வாங்கிக்கிட்டே பாடியிருக்காங்க. நமக்கு ஒரு நிமிஷம் நிக்கறதுக்கு இத்தனை யோசனை."

"அவர் மண்டை உடைஞ்சுதுங்க."

"உடைஞ்சுது. அந்த மனுஷனைக் கேட்டுப் பாருங்க, வருத்தப்படறாரான்னு. போன வருஷத்துக்கப்புறம்தான் இந்த முகாமுக்கு இத்தனை பேர் பதிஞ்சிருக்காங்க. ஒவ்வொரு பையும் ஒரு உயிர்னு நீங்கதானே சொல்லுவீங்க?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உங்களைப் பார்த்துதான் சிஸ்டர் அந்த மனுஷன் எழுந்தாரு. நீங்களே இப்படிப் பேசலாமா? பொறுப்புக்கு உங்க பேரைத்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் சங்கடம். அவர் சொன்னதில் முக்கால்வாசி அவளே வருடக்கணக்காக வீட்டில் சொல்லிவந்தது.

ரத்த வங்கியின் பெரிய டாக்டரிடமும் போய்ச் சொன்னாள். அவர் யாரையும் பகைத்துக்கொள்ளாமலே தலை நரைத்தவர். "நீங்க சொல்றது சரிதான் சிஸ்டர். ஆனா இது ஒரு நிமிஷ விஷயம். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க. அந்த நிமிஷம் யாருக்கும் எதுவும் ஆகாமப் பாத்துக்குங்க." எழுந்து நிற்கவும் வேண்டும், விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே கையால் எப்படிச் செய்வது என்று டாக்டர் சொல்லவில்லை.

முகாம் அன்று காலை மண்டபத்தில் கொடிக்கு நேர் கீழே ஒரு கட்டில் தனியாகப் போட்டிருந்தது. ரொட்டிக்காரருக்கு. புதுச் சட்டையை ஊசிக்கு வாகாக மடித்து விட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து படுத்தார். பத்திரிகைப் படக்காரர் ஏற்கெனவே இடம் பார்த்து நின்றுவிட்டார். எந்தக் கோணத்தில் எடுத்தால் கொடியும் வரும், ஆளும் வருவார் என்று விரலால் சட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கட்டிலை அவளே எடுத்துக்கொண்டாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை.

"பாட்டு வந்தா எழுந்திருக்கக் கூடாது."

அவர் முகம் சுண்டிப்போனது. "என்ன சிஸ்டர் நீங்களே இப்படிச் சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன்."

"கடையில சாமான் வாங்க வர்றவங்க எல்லாம் இன்னிக்குப் பாக்கறோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. என் பொண்ணு பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கா. நான் படுத்துக்கிட்டே இருந்தா என்ன நினைப்பாங்க?"

"தெரியும்," என்றாள். உண்மையிலேயே தெரியும். ஊசியை ஏற்றினாள். அந்த நாளிலும் அவருக்கு வலிக்கவில்லை.

பை பாதிக்கு வந்தபோது வாசலில் கார் நின்றது. வரவேற்பு, கைகுலுக்கல், பிறகு ஒலிபெருக்கியில் கீதத்தின் முதல் ஒலி. நாற்காலிகள் இழுபட்டன. மண்டபம் முழுக்க எழுந்தது. பக்கத்துக் கட்டில்களில் இருந்த நர்ஸ்களும் எழுந்தார்கள்.

அவளும் எழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கால் தரையில் ஊன்றிவிட்டது, இடுப்பு முக்காலியை விட்டுக் கிளம்பிவிட்டது. இத்தனை வருடப் பழக்கம் அவளைக் கேட்டா நடக்கும்? எழும்பின பாதியில், தன் கை ரொட்டிக்காரரின் கையை விடப்போவது அவளுக்குத் தெரிந்தது. மறுபடி உட்கார்ந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு கனமாக அவள் எதையும் செய்ததில்லை.

ரொட்டிக்காரர் ஒரு கையை ஊன்றி நிமிரத் தொடங்கியிருந்தார். அவள் உள்ளங்கையை அவர் தோளில் வைத்து அழுத்தினாள்.

"விடுங்க சிஸ்டர். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். என்னையும்தான் பாக்கறாங்க."

அவர் அவளைப் பார்த்தார். போன வருடம் தனக்கு முன்னால் சிலையாக நின்றவள், மொத்த மண்டபமும் நிற்கும்போது தன் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். முகம் சிவந்திருந்தது. அவர் மெல்லத் தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் மட்டும் அசைந்தன.

விருந்தினர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நேராகிக்கொண்டார். தலைவர் திரும்பினவர் பார்வையை எடுக்கவே இல்லை. படக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். இரண்டு கட்டில் தள்ளி ஒரு சின்ன நர்ஸ், தான் ஊசி போட்ட ஆளையும் பஞ்சு சிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்து அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பஞ்சு சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டுப் பையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவு நேரமும் அவமானமாகத்தான் இருந்தது அவளுக்கு. பெரிய தைரியசாலி போல ஒன்றும் இல்லை. யாராவது ஒரு போர்வையைப் போட்டு மூடினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

பாட்டு முடிந்தது. தலைவர் கட்டிலருகே வந்தார். அப்போதும் அவர் குரல் உயரவில்லை.

"உங்ககிட்டேருந்து இதை நான் எதிர்பாக்கல சிஸ்டர்."

"நானும் எதிர்பாக்கலங்க," என்றாள்.

பொறுப்பு வேறொருவருக்குப் போனது. நடைவழியில் இருந்த படத்தையும் பிறகு யாரோ கழற்றிவிட்டார்கள். அவளுக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அந்தத் தனி அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கொஞ்ச நாள் வலித்தது. கணவர், "ஒருவழியா என் கட்சிக்கு வந்துட்டியா?" என்று கேட்டதற்கு, "உங்க கட்சியும் வேணாம், அவங்க கட்சியும் வேணாம். நாளைக்குப் பாட்டு கேட்டா நான் நிப்பேன். என் கையில வேற யார் கையும் இல்லாட்டி நிப்பேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. முகாம் அன்றைக்கு, தலைவர் நகர்ந்து போனபின், அவள் தன் வேலையைத்தான் பார்த்தாள். பை நிறைந்ததும் ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தி, பிளாஸ்திரி ஒட்டினாள். பத்து நிமிடம் படுக்கச் சொன்னாள். ரொட்டிக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். விருந்தினர் பேசி முடித்துக் கிளம்பினார், பின்னாலேயே தலைவரும் படக்காரரும் போனார்கள். மண்டபத்தில் ஆட்கள் குறைந்தார்கள். கடைசிக் கட்டில்களை மடித்து அடுக்கத் தொடங்கினார்கள். பழச்சாற்றைக் கொடுத்தாள், குடித்தார். அவர் முகத்தை நேராகப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தன்னோடு சேர்த்து அவருடைய பெருமையையும் கெடுத்துவிட்டோமே என்று இருந்தது.

"சிஸ்டர்."

"சொல்லுங்க."

"இப்ப நான் நிக்கலாமா?"

வீட்டுக்குக் கிளம்பக் கேட்கிறார் என்று நினைத்தாள். நாடி பிடித்துப் பார்த்தாள். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். "நிக்கலாம். மெதுவா."

அவர் மெதுவாகக் காலைத் தரையில் வைத்து, கொஞ்சம் உட்கார்ந்திருந்து, பிறகு எழுந்தார். வாசல் பக்கம் போகவில்லை. கொடியைப் பார்த்துத் திரும்பி, மடித்த சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி நேராக நின்றார். பாட்டு இல்லை. படம் எடுக்க ஆள் இல்லை. கட்டில்களை மடிக்கிற டபடப சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பஞ்சு சிஸ்டருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. கையில் இருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, முக்காலியைப் பின்னால் தள்ளி, அவர் பக்கத்தில் போய் நின்றாள். விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நின்றாள். முதல் வரியிலிருந்து மனசுக்குள் பாடத் தொடங்கினாள்.

ரொட்டிக்காரர் கொஞ்சம் வேகமாகப் பாடுகிறவர் போலிருக்கிறது. அவர் முதலில் முடித்துவிட்டார். அவள் முடிக்கிற வரைக்கும் அசையாமல் காத்திருந்தார்.